கழற்றிய பெட்டியை சேர்வர் ஏன் இன்னும் தேடுகிறது?

பழைய நாஸ் பெட்டியை (நெட்வேர்க் வழியாகச் சேமிப்பிடம் கொடுக்கும் கருவியை) ராக்கிலிருந்து இறக்கி மூலையில் வைத்து ஒரு மாதமாகிறது. தரவெல்லாம் புதிய சேமிப்பகத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் சேர்வரின் லொக்கைத் திறந்தால் சில விநாடிக்கு ஒரு வரி வீதம் அதே பழைய முகவரிதான் வருகிறது: 192.168.10.50, போர்ட் 3260, தொடர்பு கிடைக்கவில்லை, மீண்டும் முயற்சி.

சாதாரண நாட்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. சேர்வர் அணைந்து எழும்பும் நாளில்தான் வலிக்கும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டி நாடு முழுவதும் இருளானது நினைவிருக்கும். அப்படியொரு நாளில் யூ.பி.எஸ். பற்றரி தீர்ந்து, கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ ஓர் அலுவலக சேர்வர் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் வந்ததும் இயந்திரம் ஓடத் தொடங்கும், ஆனால் லொகின் திரை வராது. பல நிமிடம் கறுப்புத் திரையில் நிற்கும், அல்லது அவசர நிலைக்குள் போய் ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும். மின்சாரம் ஏதோ வன்பொருளைச் சுட்டுவிட்டது என்றுதான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். பெரும்பாலும் காரணம், மாதக்கணக்கில் தூங்கிக் கிடந்த ஒரு வரி அமைப்பு.

லொக்கில் வந்த 3260, ஐஸ்கஸியின் போர்ட். ஐஸ்கஸி என்பது, டிஸ்க்குக்குப் போகவேண்டிய கட்டளைகளை டி.சி.பி. இணைப்புக்குள் பொதிந்து அனுப்பும் நெறிமுறை. 2004இல் தரமாக்கப்பட்டது. சேர்வரில் ஓடும் நிரலுக்கு தூரத்தில் உள்ள அந்தப் பெட்டி உள்ளே பூட்டிய டிஸ்க் போலவே தெரியும். உள்ளே பூட்டிய டிஸ்க் திடீரென்று காணாமல் போகக்கூடாது. ஆகவே இணைப்பு அறுந்தால் அது தற்காலிகக் கோளாறு, யாரோ கேபிளைத் தட்டிவிட்டார்கள், சுவிட்ச் ரீபூட் ஆகிறது என்றுதான் சேர்வர் எடுத்துக்கொள்ளும். பெட்டியை நிரந்தரமாகக் கழற்றியதற்கும் கேபிள் கழன்றதற்கும் அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் இல்லை. விடாமல் முயல்வது பிழையல்ல, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.

லினக்ஸில் ஐஸ்கஸி இணைப்பு 5 விநாடிக்கு ஒரு முறை ‘இருக்கிறாயா?’ என்று கேட்கும். அடுத்த 5 விநாடிக்குள் பதில் வராவிட்டால் இணைப்பு செத்ததாகக் கருதும். அதன்பின் 120 விநாடி வரை எழுத்து, வாசிப்பு வேலைகளைப் பிடித்து வைத்துக் காத்திருக்கும். இந்த 120ஐப் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். அது வேலைகளைப் பிடித்து வைக்கும் எல்லை மட்டுமே. 121ஆவது விநாடியில் நிரல்களுக்குப் பிழை திரும்பும், ஆனால் பின்னணியில் மறு இணைப்பு முயற்சி நிற்காது. நாளை, அடுத்த வாரம், அடுத்த மாதமும் ஓடும்.

எழும்பும் நேரத்துக்கு வேறு கணக்கு. ஒரு லொகின் முயற்சிக்கு 15 விநாடி, மொத்தம் 8 முயற்சி, ஆக 120 விநாடி. அந்த முகவரியில் பதில் சொல்ல ஒருவருமே இல்லாவிட்டால் இந்த இரண்டு நிமிடத்தையும் முழுசாகக் கழித்துவிட்டுத்தான் சேர்வர் அடுத்த வேலைக்குப் போகும்.

லொக்கில் வரும் பிழைச் சொல்லை வாசிக்காமல் எதையும் அழிக்கத் தொடங்க வேண்டாம். ‘இணைப்பு மறுக்கப்பட்டது’, அதாவது பிழை எண் 111 என்றால், அந்த முகவரியில் ஏதோ ஒரு கருவி உயிரோடு இருக்கிறது, 3260இல் மட்டும் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஒன்றில் பழைய பெட்டி இன்னும் ஓடுகிறது, அல்லது அதன் ஐ.பி. வேறொரு கருவிக்குப் போய்விட்டது. ‘வழி இல்லை’, எண் 113 என்றால், ஒரே நெட்வேர்க்கில் அந்த முகவரிக்குச் சொந்தக்காரர் யாரும் ‘இந்த ஐ.பி. யாருடையது?’ என்ற ஏ.ஆர்.பி. கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, பெட்டி உண்மையிலேயே போய்விட்டது. நேரம் கடந்துவிட்டது, எண் 110 என்றால், நடுவில் ஃபயர்வோல் விழுங்குகிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லாமல் 02/03 என்ற ஐஸ்கஸி லொகின் நிலை எண் வந்தால் பெட்டி பேசுகிறது, கேட்ட டார்கெட் (பெட்டி பெயரிட்டுப் பகிரும் சேமிப்பு) மட்டும் அதில் இல்லை. 02/02 என்றால் டார்கெட் இருக்கிறது, இந்த சேர்வருக்கு அனுமதி இல்லை. சேமிப்பகப் பக்கத்தில் மட்டும் அனுமதியை நீக்கிவிட்டு சேர்வரைத் தொடாமல் விட்ட இடங்களில் இந்தக் கடைசி எண் வரும்.

அடுத்த கேள்வி, பழைய முகவரி எங்கே எழுதிக் கிடக்கிறது என்பது. லினக்ஸில் அது ஒரே இடத்தில் இல்லை. முதலில் டார்கெட்டுகளைத் தேடியபோது அந்த போர்ட்டலுக்கு (பெட்டியின் ஐ.பி.யும் போர்ட்டும்) ஒரு தேடல் பதிவு உருவாகும். தேடலில் கிடைத்த ஒவ்வொரு டார்கெட்டுக்கும், அதன் ஒவ்வொரு முகவரிக்கும், தனித்தனியாக ஒரு நோட் பதிவு உருவாகும். ஒவ்வொரு முகவரிக்கும் என்பதில்தான் சிக்கல். நாஸ் பெட்டியில் நான்கு நெட்வேர்க் துளைகள் இருந்தால், சேர்வரால் எட்டவே முடியாத முகவரிகளையும் சேர்த்து நான்கையும் அது ஒப்புவிக்கும், சேர்வரும் நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளும். ரெட்ஹாட் வகை லினக்ஸில் தொடக்க அமைப்பு ‘தானியங்கி’ என்று இருப்பதால், எழுதி வைத்த அத்தனையையும் ஒவ்வொரு ரீபூட்டிலும் எழுப்பும்.

லொக்அவுட் செய்தால் அந்த நேரத்து செஷன் மட்டும் முடியும், பதிவு அப்படியே இருக்கும். ‘அண்ணே, லொக்அவுட் பண்ணிட்டேன், திரும்பவும் வருதே’ என்ற புகாரில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

முறையாகக் கழற்றுவது மேலிருந்து கீழே. முதலில் அந்த டிஸ்க்கில் எழுதும் நிரலை நிறுத்துங்கள். கோப்புமுறையை அன்மவுண்ட் செய்யுங்கள். எல்.வி.எம். (டிஸ்க்குகளைக் குழுவாக்கிப் பிரிக்கும் முறை) இருந்தால் அந்த வொல்யூம் குழுவைச் செயலிழக்கச் செய்யுங்கள். மல்டிபாத் (ஒரே டிஸ்க்குக்குப் பல பாதை வைக்கும் ஏற்பாடு) இருந்தால் அந்த வரைபடத்தை நீக்குங்கள். பிறகு ஐஸ்கஸி-அட்மின் கட்டளையால் லொக்அவுட், அடுத்து நோட் பதிவுகளை அழித்தல், அதற்கடுத்து தேடல் பதிவை அழித்தல். எழும்பும்போது மவுண்ட் செய்யவேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டாப் கோப்பிலிருந்து வரியை எடுத்து, தொடக்க ராம் படிமத்தையும் (எழும்பும் ஆரம்பத்தில் ஏற்றப்படும் சிறு அமைப்பு) புதிதாகக் கட்டுங்கள், ஏனென்றால் பழைய அமைப்பின் ஒரு பிரதி அதற்குள்ளும் இருக்கக்கூடும். இவ்வளவும் முடிந்த பிறகே சேமிப்பகத்துப் பக்கத்தில் லன்னை (சேர்வருக்கு டிஸ்க்காகக் கொடுத்த பகுதியை) நீக்கலாம்.

பெட்டி ஏற்கனவே போய்விட்டிருந்தால் இந்த வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. மல்டிபாத்தில் ‘பாதை இல்லாவிட்டால் வரிசையில் வை’ என்ற அமைப்பு இருந்தால், வேலைகள் முடிவே இல்லாமல் வரிசையில் நிற்கும். அன்மவுண்ட் கட்டளையும் கடைசித் தரவை எழுதப் போய் அதே வரிசையில் மாட்டிக்கொள்ளும். முதலில் மல்டிபாத்துக்கு அடியில் ஓடும் டிவைஸ்-மேப்பருக்கு ‘பாதை இல்லாவிட்டால் தோல்வி என்று சொல்’ என்ற செய்தியை அனுப்பினால் வரிசை உடையும், அதன் பிறகு அன்மவுண்ட் ஓடும். எழுதப்படாமல் நின்ற தரவு தொலையும். பெட்டியே இல்லாதபோது அதற்காக வருந்திப் பயனில்லை.

அவசர நிலைக்குள் விழுந்த சேர்வருக்கும் விளக்கம் எஃப்எஸ்டாப்பிலேயே இருக்கிறது. ஐஸ்கஸி டிஸ்க்கை யூ.யூ.ஐ.டி. (அதன் அடையாள எண்) கொடுத்து எழுதும்போது ‘நெட்டேவ்’ விருப்பத்தைச் சேர்க்காவிட்டால், லினக்ஸை எழுப்பும் சிஸ்டம்டி அதை உள்ளூர் டிஸ்க் என்றே நம்பும். 90 விநாடி காத்துவிட்டு, உள்ளூர்க் கோப்புமுறை கிடைக்கவில்லை என்று எழும்புவதையே நிறுத்திவிடும். ‘நெட்டேவ்’, ‘நோஃபெயில்’ இரண்டும் இருந்தால் அந்த டிஸ்க் இல்லாமலே எழும்பும். அவசர நிலையில் மாட்டியவர் ரூட்டாக நுழைந்து, ரூட் பகுதியை எழுதக்கூடியதாக மறுமவுண்ட் செய்து, அந்த வரியின் முன் ஒரு # போட்டு ரீபூட் செய்தால் போதும்.

இவ்வளவும் செய்த பிறகும் 10 விநாடியில் செஷன் திரும்ப வந்தால், மேலே இன்னொருவர் இருக்கிறார் என்று அர்த்தம். மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ப்ரொக்ஸ்மொக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். அதன் நிலை பார்க்கும் சேவை ஏறக்குறைய 10 விநாடிக்கு ஒரு முறை எல்லாச் சேமிப்பகங்களையும் சுற்றிப் பார்க்கும். அமைப்பில் ஐஸ்கஸி சேமிப்பகம் ஒன்று செயலில் இருந்து செஷன் இல்லாவிட்டால், அதுவே லொகின் செய்துவிடும். நீங்கள் கையால் லொக்அவுட் செய்வதும் அது திரும்ப உள்ளே வருவதும் கரையில் கோடு போட்டு அலையோடு மல்லுக்கட்டுவது போலத்தான். இதற்கு நேர் எதிரான இடறலும் உண்டு: திரையில் சேமிப்பகத்தை நீக்கினால் அமைப்பு வரி போகும், திறந்திருக்கும் செஷனும் நோட் பதிவுகளும் போகா. அமைப்புக் கோப்பு கிளஸ்டர் முழுக்கப் பொதுவானது, நோட் பதிவுகள் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனியானவை. ஆகவே முதலில் திரையில் நீக்க வேண்டும், பிறகு மூன்று இயந்திரம் இருந்தால் மூன்றிலும் தனித்தனியாக லொக்அவுட், பதிவு அழிப்பு.

விண்டோஸில் ஐஸ்கஸி இனிஷியேட்டர் (இணைப்பைத் தொடங்கும் சேர்வர் பக்கம்) ஜன்னலைத் திறந்தால் இதே நினைவுகள் மூன்று தாவல்களில் பிரிந்து கிடக்கும். பலர் டார்கெட்ஸ் தாவலில் துண்டித்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்கள். ரீபூட்டுக்குப் பின் எதை இணைக்க வேண்டும் என்ற பட்டியல் ஃபேவரிட் டார்கெட்ஸ் தாவலில் இருக்கிறது. டிஸ்க்கை ஆஃப்லைன் செய்து, முதலில் ஃபேவரிட்டை நீக்கி, பிறகு துண்டித்து, கடைசியாக டிஸ்கவரி தாவலில் போர்ட்டலை நீக்குங்கள். எது எஞ்சியிருக்கிறது என்பதை நிகழ்வு எண்ணே காட்டிக்கொடுக்கும்: 113 வந்தால் டிஸ்கவரி போர்ட்டல் இன்னும் உயிரோடு இருக்கிறது, 1உம் 20உம் வந்தால் செஷனோ ஃபேவரிட்டோ இருக்கிறது.

மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் இன்னொரு மென்பொருளான வி.எம்.வேர் இஎஸ்எக்ஸ்ஐயில் டைனமிக் டிஸ்கவரியில் முகவரியை நீக்கினாலும், அதிலிருந்து பிறந்த ஸ்டாடிக் பதிவுகள் தங்கிவிடலாம், இரண்டையும் பாருங்கள். அங்கே வரிசை: டேட்டாஸ்டோரை அன்மவுண்ட், கருவியை டிடாச், பிறகு சேமிப்பகத்தில் நீக்கம், கடைசியில் ரீஸ்கேன். டிடாச் செய்யாமல் பெட்டியை இழுத்தால் ‘எல்லாப் பாதையும் போய்விட்டது’ என்ற நிலை வரும். 140 விநாடி வரை இஎஸ்எக்ஸ்ஐ வேலைகளைத் திரும்பத் திரும்ப முயலும். அதன்பின் மெய்நிகர் இயந்திரங்களுடையது அல்லாத வேலைகளுக்குத் தோல்வி என்று சொல்லும், ஆனால் பாதை திரும்பும்வரை அந்த நிலை தொடரும். பழைய டேட்டாஸ்டோரிலிருந்த ஐ.எஸ்.ஓ. கோப்பு ஏதாவது ஒரு மெய்நிகர் இயந்திரத்தின் சி.டி. டிரைவில் செருகி மறந்துபோயிருந்தால் அன்மவுண்ட் மறுக்கப்படும்.

கோப்புகளை நெட்வேர்க்கில் பகிரும் என்.எஃப்.எஸ். வேறு குணம். அதன் இயல்பான மவுண்ட் ‘ஹார்ட்’ வகை: 60 விநாடி காத்து, திரும்ப முயன்று, ‘பதிலில்லை, இன்னும் முயல்கிறேன்’ என்று எழுதிவிட்டு மறுபடி காத்திருக்கும். டிஸ்க்கில் மிச்ச இடத்தைக் காட்டும் டி.எஃப். கட்டளை அடித்தால் திரை உறைந்துவிடும். கண்காணிப்பு மென்பொருள் நிமிடத்துக்கு ஒரு முறை டி.எஃப். ஓட்டினால், உறைந்த செயல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து லோட் எண் நூறைத் தாண்டும், சி.பி.யூ. மட்டும் சும்மா இருக்கும். கட்டாய அன்மவுண்ட் முயன்று, முடியாவிட்டால் ‘லேசி’ அன்மவுண்ட். லேசியில் மவுண்டின் பெயர் அடைவு மரத்திலிருந்து போகும், பிடித்திருக்கும் செயல்கள் சாகும்வரை இணைப்பு முயற்சி உள்ளே தொடரும். தொட்டதும் தானாக மவுண்ட் செய்யும் ஓட்டோமவுண்ட் இருந்தால் யாராவது அந்த அடைவைத் தொட்டதும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். தொடுவது பெரும்பாலும் மனிதரல்ல, இரவு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்டோ கோப்பு அட்டவணைச் சேவையோதான்.

விண்டோஸ் வகைக் கோப்புப் பகிர்வான எஸ்.எம்.பி.யை லினக்ஸில் மவுண்ட் செய்திருந்தால் ‘180 விநாடியாகப் பதிலில்லை, மீண்டும் இணைகிறேன்’ என்று வரும். 60 விநாடி எதிரொலி இடைவெளி, மூன்று மடங்கு. விண்டோஸில் கையால் அழித்த டிரைவ் எழுத்து மறுநாள் காலை திரும்ப முளைத்தால், அதை நடுவது குரூப் பொலிசி (அலுவலகக் கணினிகளுக்கு மையமாக அமைப்புகளை அனுப்பும் வசதி). பயனரின் கணினியைக் குடைவதை விட்டு அங்கே போய்த் திருத்துங்கள்.

எந்த சேர்வர் தேடுகிறது என்றே தெரியாதபோது? பெட்டி இன்னும் கையில் இருந்தால் சுலபம். ராக்கிலிருந்து இறக்குமுன் ஒரு வாரம் அதை ஓடவிட்டு அதன் இணைப்புப் பட்டியலைப் பாருங்கள், யார் யார் வந்து தட்டுகிறார்கள் என்று இனிஷியேட்டர் பெயரோடு எழுதியிருக்கும். பெட்டி போய்விட்டிருந்தால், அந்தப் பழைய ஐ.பி.யை ஒரு லினக்ஸ் மடிக்கணினிக்குக் கொடுத்து அதே வீலானில் (நெட்வேர்க் பிரிவில்) செருகி, பொட்டலங்களைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் 3260 (ஐஸ்கஸி), 2049 (என்.எஃப்.எஸ்.), 445 (எஸ்.எம்.பி.) ஆகிய மூன்று போர்ட்டுகளை ஒரு நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருங்கள். வரும் ஒவ்வொரு சின் (இணைப்புக் கேட்கும் முதல்) பொட்டலத்தின் மூல முகவரியும் நீங்கள் தேடும் ஆள். இரவு பேக்கப் நேரத்தையும் சேர்த்துப் பிடிக்க 24 மணி நேரம் தேவை. மடிக்கணினியில் சம்பா போன்ற பகிர்வுச் சேவை எதையும் ஓடவிடாதீர்கள். 445இல் வருகிறவர்கள் கடவுச்சொல் சான்றோடு வருகிறார்கள்.

இதைப் போலவே தோன்றும் வேறொரு நோயும் உண்டு. சில விநாடிக்கு ஒரு முறை இணைப்பு அறுந்து அறுந்து ஒட்டுகிறது, ஆனால் சேமிப்பகம் நன்றாக உயிரோடு இருக்கிறது என்றால், குளோன் செய்த இயந்திரத்தைச் சந்தேகியுங்கள். இரண்டு சேர்வருக்கும் ஒரே இனிஷியேட்டர் பெயர் இருந்தால், இரண்டாமவர் லொகின் ஆகும்போது அதே ஆள்தான் திரும்ப வந்திருக்கிறார் என்று டார்கெட் நினைத்து முதல் செஷனை வெட்டிவிடும். முதலாமவர் திரும்ப வருவார், இரண்டாமவர் வெட்டப்படுவார். இங்கே எந்தப் பதிவையும் அழிக்கத் தேவையில்லை, குளோனுக்குப் புதுப் பெயர் கொடுத்தால் நிற்கும்.

பழைய ஐ.பி.யை உடனே வேறு கருவிக்குக் கொடுக்கிற பழக்கம்தான் இதில் மிக மோசமானது. அது சி.சி.டி.வி. பெட்டிக்குப் போனால் வெறும் லொக் இரைச்சல். புதிய சேமிப்பகத்துக்கே போய், அதில் யாருக்கும் திறந்த லன் ஒன்று இருந்து, பழைய தேடல் பதிவு அதைக் கண்டுபிடித்தால், ஒரே என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ட்4 டிஸ்க்கில் இரண்டு சேர்வர்கள் ஒருவரையொருவர் அறியாமல் எழுதத் தொடங்கும், சில நிமிடத்தில் கோப்பு அட்டவணை கலைந்துவிடும். டிசிபிடம்ப்பில் 24 மணி நேரம் ஒரு சின் பொட்டலமும் வராத பிறகு, ஒவ்வொரு சேர்வரையும் ஒரு முறை ரீபூட் செய்து இன்னொரு நாளும் கேட்டுப் பாருங்கள். அப்போதும் அமைதியாக இருந்தால் அந்த முகவரியை விடுவிக்கலாம்.