ஆட்டுக்கு எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது?

"பின்னங்கால் இழுக்கு சார், வாதம்னு நெனைக்கேன், ஒரு ஊசி போடுங்க." ஆனி, ஆடி வந்தாலே ஆடு வளர்ப்பவர்களிடம் இதே பேச்சுதான். போன வாரமும் ஒரு பால்கன்னி ஆடு. எலும்பும் தோலுமாக, நான்கு காலையும் அகட்டி வைத்து நின்றது. அகத்திக் கொத்தை நீட்டினேன். தலை நடுங்கிக்கொண்டே வந்து, இலையை விட்டுவிட்டு வெறும் காற்றைக் கடித்தது. முகவாயைத் தூக்கிப் பிடித்துவிட்டுக் கையை எடுத்ததும் பின்பக்கமாகச் சாய்ந்தது.

வாதமும் இல்லை, காற்றுக் கருப்பும் இல்லை. கால்வாய்க் கரையிலும் குளத்தங்கரையிலும் இளஞ்சிவப்பாய்ப் பூத்து நிற்கிறதே நெய்வேலிக் காட்டாமணக்கு, அதன் வேலை. அதிலுள்ள ஸ்வைன்சோனைன் என்கிற விஷம் சிறுமூளையைக் கெடுக்கிறது.

இதைச் சொன்னால் உடனே, "எது விஷம்னு ஆட்டுக்குத் தெரியாதா சார்?" தெரியாது. பச்சை கிடக்கும்போது இந்தச் செடியை மோந்துவிட்டுப் போகும், சரி. வெயிலில் எல்லாம் காய்ந்து இது மட்டும் பச்சையாக நின்றால், பசிக்கு ஒரு வாய் கடிக்கும். கடித்த அன்றைக்கு ஒன்றும் ஆகாது. வயிறு வலித்தால்தானே மறுநாள் ஒதுக்கும்? பாதிப்பு தெரிய வாரக்கணக்காகும். அதற்குள் ருசி பிடித்துவிடும். பிறகு நல்ல புல் கிடந்தாலும் இதைத்தான் தேடிப் போகும். அதைப் பார்த்துப் பக்கத்து ஆடும் பழகும். குட்டிக்குப் பாலிலேயே விஷம் இறங்கும்.

முறிவு மருந்து கிடையாது. தொடக்கத்திலேயே செடியை விட்டுப் பிரித்துக் கட்டிப்போட்டுத் தீனி கொடுத்தால் தேறும். நாள் கடந்துவிட்டால் நடுக்கம் நிரந்தரமாகிவிடும். அப்புறம் என்ன ஊசி போட்டும் பயனில்லை. அந்த ஆட்டைச் செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தையில் வளர்ப்புக்குத் தள்ளிவிடாதீர்கள். வாங்குகிறவர் மந்தைக்கும் பழக்கத்தைக் கொண்டுபோகும்.

தள்ளாடும் ஆடெல்லாம் செடி தின்றதுதான் என்றும் இருந்துவிட வேண்டாம். மூளையில் நாடாப்புழுக் கட்டி இருந்தாலும் சுற்றும். வெறிநாய் கடித்திருந்தாலும் தள்ளாடும். எச்சில் ஒழுகினால் வாய்க்குள் கைவிடாதீர்கள், தயவுசெய்து.

வறட்சி மாதங்களில் கரைக்கு ஓட்டுமுன் கொஞ்சம் சோளத்தட்டையோ அகத்தியோ போட்டு வயிற்றை நிரப்புங்கள். செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து எரியுங்கள். வெட்டித் தண்ணீரில் வீசினால், ஒதுங்குகிற இடத்தில் ஒவ்வொரு துண்டும் வேர்பிடிக்கும்.