ஸ்பிரிங் வாங்கும் முன் ஒரு கேபிள் டை

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்கள் பலர் சொல்லும் புலம்பல் இது: "பார்க்க அம்சமா இருக்கு, ரோட்டுல எடுத்தா தூக்கித் தூக்கிப் போடுது." முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டு காரைத் தாழ்த்தி, உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் காயில்ஓவரை (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் உட்காரும் அமைப்பு) கெட்டியான ஸ்பிரிங்கோடு போட்டிருப்பார். ரேஸ் டிராக்கில் அது அருமையாக ஓடும். தினமும் ஆபீஸ் போய் வரவும், பின் சீட்டில் வயதான அம்மாவை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவும் அது சரிப்படாது. உடனே எல்லாரும் வேறு ஸ்பிரிங் தேடக் கிளம்பிவிடுகிறார்கள். ஸ்பிரிங்கைக் கடைசியாகத் தொடுங்கள் என்பேன். சீட்டில் நாம் உணரும் அடி நான்கைந்து இடங்களில் எங்கிருந்தும் வரலாம். அவற்றில் சிலவற்றைச் சரிசெய்யக் காசே தேவையில்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு. ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் எந்த எடைக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. சாதாரணக் குடும்பக் கார் நொடிக்கு 1 முதல் 1.5 முறை, அதாவது 1 முதல் 1.5 ஹெர்ட்ஸில் ஆடும். நாம் நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் அசைவதும் ஏறக்குறைய இந்த வேகத்தை ஒட்டித்தான் என்பதால், அது நமக்கு உறுத்துவதில்லை. 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலான மேல்-கீழ் அதிர்வுதான் உடம்புக்கு ஆகவே ஆகாது; வயிறும் முதுகும் அதோடு சேர்ந்து குலுங்கும். இன்னொரு பக்கம், அரை ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் தலைசுற்றி வாந்தி வரும். ஆகவே எவ்வளவு மெத்தென்று இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்றும் சொல்ல முடியாது.

உங்கள் கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது சுலபம். ஒரு முன் சக்கரத்தின் ஸ்பிரிங் தாங்கும் எடை 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காயில்ஓவர் ஸ்பிரிங்கில் 5 என்று போட்டிருந்தால், ஒரு மில்லிமீட்டர் அமுக்க 5 கிலோ வேண்டும் என்று பொருள். அப்படியானால் காரின் எடைக்கு அது 50 மில்லிமீட்டர் அமுங்கி நிற்கும். 15.8-ஐ அந்த 50-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 2.2 ஹெர்ட்ஸ் வரும். இதே இடத்தில் 2 கிலோ ஸ்பிரிங் இருந்தால் 125 மில்லிமீட்டர் அமுங்கும், 1.4 ஹெர்ட்ஸ் வரும். முதலாவது டிராக் கார், இரண்டாவது வீட்டுக் கார். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்கும் சக்கரமும் ஏறக்குறைய சமமாக நகர்வதால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். சக்கரத்தைக் காரோடு இணைக்கும் லோயர் ஆர்மின் (கீழ்க் கை) நடுவில் ஸ்பிரிங் உட்காரும் வகையில் கதை வேறு. சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறும்போது ஸ்பிரிங் 7 மட்டுமே அமுங்கினால், சக்கரத்தில் தெரியும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் பாதிதான் (0.7 பெருக்கல் 0.7). அதனால் நண்பர் காரில் போட்ட எண்ணைப் பார்த்து நம் காருக்கு வாங்கக் கூடாது.

சரி, 2 ஹெர்ட்ஸ் கார்கூட 'இறுக்கமாக' இருக்குமே தவிர, முதுகெலும்பில் அடிக்காது. அடி பெரும்பாலும் பம்ப் ஸ்டாப்பரிலிருந்து வருகிறது. ஷாக் அப்சார்பர் தண்டின் மேல் முனையில் குல்லாய் போல மாட்டியிருக்கும் ரப்பர் அல்லது நுரைத் துண்டு அது. சக்கரம் எல்லை வரை ஏறினால் இரும்பும் இரும்பும் மோதாமல் காப்பது அதன் வேலை. சக்கரம் மேலே ஏற 80 மில்லிமீட்டர் இடம் இருந்த காரை 40 தாழ்த்தினால், மிச்சம் 40. அதிலும் ஸ்டாப்பரின் நீளம் போனால் ஒன்றிரண்டு விரற்கடைதான் தேறும். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் நீங்கள் ஸ்பிரிங்கில் ஓட்டவில்லை, ரப்பரில் ஓட்டுகிறீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு கேபிள் டை, அதாவது வயர்களைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டை, போதும். ஷாக்கின் பளபளப்பான தண்டைச் சுற்றி, கையால் நகர்த்தும் அளவுக்கு மட்டும் இறுக்கிக் கட்டுங்கள். அதை உருளையின் வாய் வரை கீழே தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகும் தெருவில் ஓட்டிவிட்டு வாருங்கள். தண்டு உள்ளே போகும்போது உருளையின் வாய் டையை மேலே தள்ளும். திரும்பும்போது டை அங்கேயே நின்றுவிடும். டை ஸ்டாப்பரோடு ஒட்டிக்கொண்டு நின்றால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. (காயில்ஓவரில் சில வகைகள் தலைகீழாக இருக்கும். அங்கே தண்டு வெளியே தெரியாது, இந்தச் சோதனை நடக்காது.)

மருந்து, காரை உயர்த்துவது. 15, 20 மில்லிமீட்டர் ஏற்றினாலே நம்ப முடியாத அளவுக்கு வித்தியாசம் தெரியும். ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டைத் திருகி ஏற்றினால் ஸ்பிரிங் 'டைட்' ஆகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. 5 கிலோ ஸ்பிரிங் எப்போதும் 5 கிலோ ஸ்பிரிங்தான். கார் மட்டும் உயரும். அதேபோல ஸ்டாப்பரை முழுசாக வெட்டி எறியும் வைத்தியம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஷாக்குக்குள்ளே வால்வே அடிவாங்கி உடையும். குட்டையான, மெதுவாக இறுகும் நுரை ஸ்டாப்பர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள்.

அடுத்தது ஷாக். ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்குவது இதன் வேலை. அமுங்கும்போது ஒரு தடை, விரியும்போது ஒரு தடை. விரியும் தடை அதிகமானால் ஒரு விசித்திரமான கோளாறு வரும். வரிசையாகப் பள்ளம் வரும் சாலையில் முதல் பள்ளம் சாதுவாகப் போகும், நாலாவது பள்ளம் மட்டும் 'தடக்' என்று இடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் பிறகு ஸ்பிரிங் முழுசாக விரிய நேரம் கிடைக்காமல், கார் படிப்படியாகக் கீழே இறங்கி, கடைசியில் ஸ்டாப்பர் மேல் உட்கார்ந்துவிடுகிறது. தடையைக் கூட்டிக் குறைக்க 'கிளிக்' 'கிளிக்' என்று திருகும் குமிழ் வைத்த ஷாக் என்றால், இறுகும் பக்கம் முழுக்கத் திருகி, அங்கிருந்து எண்ணிக்கொண்டே பின்னால் வாருங்கள். இடமும் வலமும் ஒரே எண். மொத்தமாகத் தளர்த்திவிடவும் கூடாது. கெட்டி ஸ்பிரிங்கை அடக்க ஆள் இல்லாவிட்டால் ஒரு மேட்டுக்கு நாலு தடவை கார் துள்ளும்.

அதிகம் பேசப்படாத ஒன்று, மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உறையான புஷ். லோயர் ஆர்ம் காரோடு சேரும் இடத்தில் இருக்கும் பல புஷ்களில், ரப்பர் உள்ளேயும் வெளியேயும் இரும்போடு ஒட்டியிருக்கும். அது சுழலாது, முறுக்கித்தான் கொடுக்கும். காரை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை முறுக்கிவிட்டால், கார் தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறி நிற்கும். விறைப்பும் கூடும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில் மறுபடி முறுக்க வேண்டும். தாழ்த்திய காரை உயர்த்தினாலும் இதைச் செய்தாக வேண்டும். அரை மணி நேர வேலை.

டயர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள காற்றளவு போதும், மைலேஜுக்காக ஏற்றி அடிக்காதீர்கள். 15 அங்குல வீலுக்குப் பதில் 17 போட்டு டயரின் பக்கச்சுவர் மெலிந்திருந்தால், சின்னச் சின்ன சரளை அதிர்வு அங்கிருந்துதான் வருகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் கார் குதித்தால், அப்போது ஸ்பிரிங்கை மாற்றலாம். வாங்கும்போது முன்னும் பின்னும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஜெனரல் மோட்டார்ஸில் 1930-களில் வேலை செய்த மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் கண்டுசொன்ன விதி இன்றும் நிற்கிறது: பின்பக்கம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக ஆட வேண்டும். சக்கரங்களுக்கு இடையே 2.5 மீட்டர் உள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, முன் சக்கரம் ஏறிய மேட்டைப் பின் சக்கரம் 0.15 நொடி கழித்துத்தான் தொடும். பின்னால் ஆட்டம் கொஞ்சம் வேகமாக இருந்தால் முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். கார் மூக்கை ஆட்டாமல் மட்டமாக ஏறி இறங்கும். முன்னால் 1.4 என்றால் பின்னால் 1.6 வைக்கலாம். ஸ்பிரிங் மெலிந்த அளவுக்கு ஷாக்கின் கிளிக்கையும் இரண்டு மூன்று குறைத்து, வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, கேபிள் டையை மறுபடி கீழே தள்ளி ஓட்டிப் பாருங்கள்.