சிறுநீரகத்துக்கு அன்ஜியோகிராம்: அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை

அன்ஜியோகிராம் என்றதும் இருதயம்தான் நினைவுக்கு வரும். சிறுநீரகத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடியையும் அப்படிச் சாயம் ஏற்றிப் படமெடுத்துப் பார்க்கலாம். வைத்தியர் இதை எழுதியவுடன் மூதூரிலும் கிண்ணியாவிலும் நகையை அடகு வைக்க ஓடுகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. அரச வைத்தியசாலையில் சிகிச்சையைப் போலவே பரிசோதனையும் இலவசம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக் கிளினிக்கில் பதிந்து, வைத்திய நிபுணரிடம் காட்டுங்கள். அங்கே செய்ய முடியாததற்கு மட்டக்களப்பு, கண்டி போன்ற பெரிய வைத்தியசாலைகளுக்குக் கடிதம் தருவார்கள். அங்கும் கட்டணம் இல்லை, காத்திருக்க நேரலாம். எவ்வளவு நாள் பொறுக்கலாம் என்பதை வைத்தியரிடமே கேளுங்கள்.

சிறுநீரக நோயாளர் எல்லோருக்கும் இது தேவைப்படாது. திருகோணமலை மாவட்டத்துப் பதவி ஸ்ரீபுரப் பக்கத்து விவசாயிகளைப் பீடித்திருக்கும், காரணம் பிடிபடாத சிறுநீரக நோயைச் சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியேட்டினினும் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு; சிறுநீரகம் பழுதானால் ஏறும்) பார்த்தே கண்டறிகிறார்கள். மூன்று மருந்து குடித்தும் பிரஷர் இறங்கவில்லை, ஒரு சிறுநீரகம் மற்றதைவிடச் சிறுத்திருக்கிறது, எனலாப்ரில் அல்லது லொசார்டன் என்ற பிரஷர் மருந்தைத் தொடங்கியபின் கிரியேட்டினின் வெகுவாக ஏறிவிட்டது என்றால்தான் நாடி சுருங்கியிருக்குமோ என்று சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் முதலில் செய்வது, ஒலி அலைகளால் குருதி ஓட்டத்தைப் பார்க்கும் டொப்ளர் ஸ்கான். அதற்கு ஊசியும் இல்லை, சாயமும் இல்லை. சிறுநீரகம் தானம் செய்ய வருபவருக்கும் நாடிகளின் அமைப்பை அறியப் படமெடுப்பார்கள்.

சாயம்தான் கவனிக்க வேண்டிய விடயம். சீடி ஸ்கானிலும், தொடை இடுக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தும் முறையிலும் அயடின் கலந்த சாயம் ஏற்றப்படும். ஏற்கெனவே பலவீனமான சிறுநீரகத்தை அது மேலும் பாதிக்கலாம். ஆகவே அண்மைய கிரியேட்டினின் அறிக்கை, கிளினிக் கொப்பி, குடிக்கும் மருந்துகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். நீரிழிவுக்கு மெட்போர்மின் குடிப்பவர், முன்பு சாயத்துக்கு ஒவ்வாமை வந்தவர், கர்ப்பிணி ஆகியோர் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். தொடை வழியாகச் செய்தால் சில மணிநேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். துணைக்கு ஒருவர் வரட்டும்.

குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளருக்கான மாதக் கொடுப்பனவு 2025 ஏப்ரலில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிராம உத்தியோகத்தரைக் கண்டு பிரதேச செயலகத்தில் விண்ணப்பியுங்கள். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கும் 2025 பெப்ரவரி முதல் கொழும்புக்கு அலையத் தேவையில்லை. அந்த விண்ணப்பத்தையும் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.