பழைய பொருட்காட்சித் திடலில் முதியோர் குடியிருப்பு: வீடு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சென்னையில் முன்பு பொருட்காட்சி நடந்த திடலில் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கென அடுக்குமாடிக் குடியிருப்பு வருகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்த நிலம் எந்தப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதைத்தான். 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் பெருநகர்ப் பகுதி நிலங்களைக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு எனப் பல வகைகளாகப் பிரித்திருக்கிறது. திடல் ‘திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு’ வகையில் இருந்தால், 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்கீழ் நிலப் பயன்பாட்டு மாற்றம் பெற்ற பிறகே அங்கே குடியிருப்பு எழுப்ப முடியும். எழும்பூரிலுள்ள சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) மனு கொடுத்திருக்கிறோம் என்று விற்பனையாளர் சொல்வதை அனுமதியாக எண்ணி முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

மனை 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதாக இருந்தால், 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஆகவே, விளம்பரப் படத்தில் காணும் பூங்கா அந்த நிலம்தானா என்று கேளுங்கள். ஆம் என்றால், அது குடியிருப்போருக்கு மட்டும் உரியதன்று.

கட்டுமானத்தைப் பொறுத்தவரை 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல பாதுகாப்புத் தருகிறது. வாங்குவோரிடம் பெறும் தொகையில் 70 சதவீதத்தை அத்திட்டத்துக்கான தனி வங்கிக் கணக்கில் வைக்க வேண்டும். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்தால், கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும்.

ஆனால் முதியவர் ஒருவர் இத்தகைய வீட்டை வாங்குவது சுவருக்காக மட்டும் அன்று. வேளைக்கு உணவு, செவிலியர், நள்ளிரவில் அழைத்தால் வரும் ஆம்புலன்ஸ் ஆகியவற்றை நம்பித்தான் சொந்த வீட்டை விற்றுவிட்டு வருகிறார். என் பார்வையில், ஒப்பந்தத்தில் மிகவும் பலவீனமாக எழுதப்படும் பகுதியும் இதுவே. ஒன்றிய வீட்டு வசதி அமைச்சகம் 2019இல் வெளியிட்ட முதியோர் இல்ல மாதிரி வழிகாட்டுதல்கள், கட்டுமான நிறுவனம், சேவை நிறுவனம், வீடு வாங்குபவர் ஆகிய மூவரும் கையெழுத்திடும் முத்தரப்பு ஒப்பந்தத்தைப் பரிந்துரைக்கின்றன. மாதக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு உயரலாம், சேவை நிறுவனம் விலகினால் அடுத்து யார் பொறுப்பு, கணவர் காலமானபின் மனைவி அதே உரிமையுடன் தொடரலாமா, அறுபது வயதாகாத வாரிசு அங்கே குடியிருக்கலாமா ஆகிய நான்குக்கும் அதில் எழுத்துமூலம் விடை இருக்க வேண்டும். வாடகைக்குக் குடியேறுபவர் ரியல் எஸ்டேட் சட்டத்தில் ஒதுக்கீடு பெற்றவராக, அதாவது வீடு வாங்கியவராக, கருதப்படுவதில்லை என்பதால், அவர் தம் வாடகை ஒப்பந்தத்தில் இவற்றை எழுதி வாங்குவது இன்னும் முக்கியம்.

மாதிரி வீட்டைப் பார்க்கப் போனால் வரவேற்பறையில் நேரத்தைச் செலவிடாமல் குளியலறைக்குச் செல்லுங்கள். கதவு உள்பக்கமாகத் திறந்தால், உள்ளே வழுக்கி விழுந்தவரின் உடலே கதவை அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறப்பதே பாதுகாப்பு. கழிப்பறை அருகே கைப்பிடி இருக்கிறதா, லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் நீட்டி வைக்க இடம் உண்டா என்றும் பாருங்கள். சாய்தளம் ஓரடி உயர்வுக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருந்தால்தான் சக்கர நாற்காலியைச் சிரமமின்றித் தள்ள முடியும்.

விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க நிறுவனத்துக்கு உரிமையில்லை. வாக்குறுதி மீறப்பட்டால் தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்திடம் புகார் அளிக்கலாம். அப்போது விளம்பரத் துண்டறிக்கையும் சான்றாகப் பயன்படும் என்பதால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.