மின்காரில் பிரேக் விளக்கு எப்போது எரிய வேண்டும்? 13-எச் விதி சொல்வது

பெட்ரோல் காரில் பிரேக் விளக்குக் கணக்கு எளிது. மிதியில் கால் பட்டால், அதோடு இணைந்த சின்ன சுவிட்ச் ஒன்று பின்பக்கச் சிவப்பு விளக்கை எரிய வைக்கும். காலை எடுத்தால் விளக்கு அணையும். கார் எவ்வளவு வேகம் இறங்கியது என்பதை அந்த சுவிட்ச் பார்ப்பதில்லை. மிதியில் கால் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

மின்காருக்கு இந்த ஏற்பாடு போதாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தியதுமே மோட்டார் ஜெனரேட்டராக வேலை செய்யத் தொடங்கி, சக்கரத்தின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. அந்த இழுப்பில் கார் வேகம் குறைகிறது. இதைத்தான் ரீஜென் பிரேக்கிங் என்கிறோம். ஒன்-பெடல் முறை உள்ள கார்களில் பிரேக் மிதியைத் தொடாமலேயே சிக்னலில் வந்து நிற்கவும் முடியும். பழைய சுவிட்ச் மட்டும் இருந்தால் பின்னால் வருபவருக்கு எந்தத் தகவலும் போகாது. முன்னால் இருக்கும் கார் திடீரெனப் பெரிதாகத் தெரியும்போதுதான் அவருக்கு விஷயம் புரியும்.

இதற்காகத்தான் ஐ.நா. வாகன விதிகளில் தனி ஏற்பாடு இருக்கிறது. பயணிகள் கார்களின் பிரேக் அமைப்புக்கான விதியின் எண் 13-எச். 1958-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் கீழ் ஜெனீவாவில் உருவாகும் விதிகளில் இதுவும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், பிரிட்டன், ஜப்பான் ஆகியவற்றில் புது மாடல் கார் ஒன்று விற்பனைக்கு வருமுன் பெறும் அங்கீகாரத்தில் இதற்கும் இடம் உண்டு. லண்டனிலோ பாரிஸிலோ மின்கார் ஓட்டும் தமிழர்கள் தினமும் இந்த விதிக்குள்தான் ஓட்டுகிறார்கள்.

0.7-உம் 1.3-உம்

இந்த விதி ஓட்டுநரின் காலை விட்டுவிட்டு, கார் எவ்வளவு வேகமாக வேகம் இழக்கிறது என்பதைப் பார்க்கிறது. அளவு, ஒவ்வொரு விநாடியும் வேகம் விநாடிக்கு எத்தனை மீட்டர் குறைகிறது என்ற கணக்கில். ஆக்சிலரேட்டரை விட்டதும் வரும் வேகக்குறைப்பு 0.7 அல்லது அதற்குக் கீழே இருந்தால் பிரேக் விளக்கு எரியக் கூடாது. 1.3-ஐத் தாண்டினால் கட்டாயம் எரிய வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருந்தால் எரியலாம், எரியாமலும் இருக்கலாம். அது கார் தயாரிப்பாளரின் முடிவு. எரிந்த விளக்கு, வேகக்குறைப்பு 0.7-க்குக் கீழே இறங்கும்போதாவது அணைந்துவிட வேண்டும்.

நமக்குப் பழகிய அலகில் சொன்னால், 0.7 என்பது ஒவ்வொரு விநாடியும் மணிக்கு சுமார் 2.5 கி.மீ. வேகம் குறைவது. 1.3 என்பது விநாடிக்கு சுமார் 4.7 கி.மீ. குறைவது. 2017-இல் நிசான் நிறுவனம் புதிய லீஃப் காரோடு இ-பெடல் என்ற ஒன்-பெடல் வசதியைக் கொண்டுவந்தபோது, ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டால் 0.2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கு) வரை வேகம் குறையும் என்றது. அது ஏறக்குறைய 2 மீட்டர், அதாவது ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 7 கி.மீ. குறைவது. இந்த விதிப்படி அங்கே விளக்கு எரிந்தே ஆக வேண்டும்.

0.7-க்குக் கீழே "எரியத் தேவையில்லை" என்று விடாமல் "எரியவே கூடாது" என்று சொல்வது சிலருக்கு வியப்பாக இருக்கும். எச்சரிக்கை கூடுதலாக இருந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது? கெடும். கியரில் ஓடும் பெட்ரோல் காரிலும் ஆக்சிலரேட்டரை விட்டால் என்ஜின் இழுப்பில் வேகம் கொஞ்சம் குறையும். அதற்கு எந்தக் காரிலும் சிவப்பு விளக்கு எரிவதில்லை. மின்கார் மட்டும் கால் தளரும்போதெல்லாம் எரிந்தால், நெடுஞ்சாலையில் அதன் பின்னால் போகிறவருக்கு அது புலி வருது கதையாகிவிடும். நிஜமாகவே பிரேக் போடும் நேரத்தில் அவர் அந்த விளக்கை மதிக்க மாட்டார்.

விளக்கு படபடவென மினுங்குவதும் இதே வகைத் தொல்லைதான். ஒன்-பெடலில் ஓட்டும்போது கால் நிமிடத்துக்குப் பலமுறை லேசாக ஏறி இறங்கும். வரம்புக்கோட்டின் மேலும் கீழுமாக வேகக்குறைப்பு ஆடினால் விளக்கும் கூடவே ஆடும். அப்படி ஆகாமலிருக்க விதியே வழி காட்டுகிறது: எரியும் அளவையும் அணையும் அளவையும் வெவ்வேறாக வைக்கலாம், சராசரி எடுக்கலாம், சின்னத் தாமதம் வைக்கலாம். விளக்கு அணைய ஒரு நொடி பிந்தினால் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

நடுப்பகுதியில் எவ்வளவு தூரம் போகும்?

0.7-க்கும் 1.3-க்கும் நடுவே உள்ள இடம்தான் எனக்கு உறுத்துகிறது. ஒரு கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகிறது. ஓட்டுநர் காலைத் தளர்த்த, 1.2 என்ற அளவில் வேகம் குறைகிறது. தயாரிப்பாளர் இந்த அளவுக்கு விளக்கை எரிய விடவில்லை. விதிப்படி அதில் தவறில்லை. 5 விநாடி கழித்து அந்தக் காரின் வேகம் 38 கி.மீ. சொச்சம். பின்னால் வருபவர் கவனிக்காமல் அதே 60-இல் வந்துகொண்டிருந்தால், இரு கார்களுக்கும் இடையே 15 மீட்டர் கரைந்திருக்கும். 60 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி இடைவெளி விட்டு வருபவருக்கு இருப்பதே 33 மீட்டர்தான். அதில் கிட்டத்தட்டப் பாதி, ஒரு விளக்கும் எரியாமலே போய்விட்டது.

என்னைக் கேட்டால் கட்டாய எல்லையை 1 மீட்டருக்காவது இறக்கலாம். நகரத்தில் வண்டிகள் ஒட்டி ஒட்டிப் போகும் சாலைக்கு 1.3 கொஞ்சம் தாராளமான எல்லை. தயாரிப்பாளர்கள் தாங்களாகவே அதற்கு முன்பே விளக்கை எரிய வைக்க விதி அனுமதிக்கிறது என்பது ஓர் ஆறுதல்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ரீஜென் பற்றிய பிரிவு "ஆக்சிலரேட்டரை விடும்போது" உண்டாகும் இழுப்பைப் பற்றித்தான் பேசியது. முழுவதும் விடுவதா, பாதி விடுவதா? ஒன்-பெடல் ஓட்டத்தில் பெரும்பாலான நேரம் கால் ஆக்சிலரேட்டரிலேயேதான் இருக்கும். பாதி தளர்த்தினாலே போதும், கார் நன்றாகவே வேகம் இறங்கும். இது வெறும் வாசக வாதமாக நின்றுவிடவில்லை. 2023-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு, ஹூண்டாய், கியா, ஜெனிசிஸ் மின்கார்கள் சிலவற்றைச் சோதித்து ஒரு விஷயத்தை வெளியிட்டது. ஒன்-பெடல் நிலையில் ஆக்சிலரேட்டரில் கால் துளி ஒட்டிக்கொண்டிருந்தாலும், கார் வேகமாகத் தணிந்துகொண்டிருக்கும்போதே பிரேக் விளக்கு எரியவில்லை. காலை முழுவதும் எடுத்த பிறகுதான் எரிந்தது. அதன் பிறகு, வேகக்குறைப்பை வைத்து விளக்கு எரியும்படி மென்பொருளை மாற்றுவதாக ஹூண்டாய் அறிவித்தது.

அமெரிக்காவில் இது விதிமீறலும் ஆகாது. அங்கே நடப்பில் இருப்பது எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 108 என்ற விளக்குத் தரநிலை. வழக்கமான பிரேக்கைப் போட்டால் விளக்கு எரிய வேண்டும். வண்டியின் வேகத்தைத் தணிக்கும் வேறு சாதனத்தாலும் எரியலாம். "எரியலாம்", அவ்வளவுதான். 0.7, 1.3 போன்ற எண் எதுவும் அதில் இல்லை.

பிரேக் மிதியை மிதித்தால்?

அப்போது குழப்பமே இல்லை. மின்காரில் பிரேக் மிதியை மெதுவாக மிதித்தால், பல மாடல்களில் முதலில் வேலை செய்வது மோட்டார்தான். டிஸ்க்கும் பேடும் தேவைப்பட்டால்தான் சேரும். 13-எச் விதி ரீஜெனை இரண்டு வகையாகப் பிரித்தே பார்க்கிறது. பிரேக் மிதியோடு சேர்ந்து வேலை செய்யும் ரீஜென் பி வகை; சேராமல், ஆக்சிலரேட்டரை விட்டதும் தானே வருவது ஏ வகை. ஓட்டுநர் மிதியை மிதித்து பிரேக் அமைப்பை இயக்கிவிட்டால் வேகக்குறைப்பு எவ்வளவு என்ற கேள்வியே கிடையாது, விளக்கு எரிய வேண்டும்.

முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத் தானாகவே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலுக்கும் இடம் இருக்கிறது. கார் தானாகப் போடும் பிரேக்குக்கும் விளக்கு எரிய வேண்டும், 0.7-க்குக் குறைவாக இருந்தால் மட்டும் எரியாமல் விடலாம். வழுக்கலைத் தடுக்க ஏதோ ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்துவிடும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் விளக்கை எரிய வைக்கக் கூடாது.

மலைச்சாலை இறக்கத்தில் இந்த விதி வேறு மாதிரி நடந்துகொள்ளும். ரீஜென் பலமாக இழுத்துப் பிடித்திருக்க, கார் ஒரே சீராக 30 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது என்றால், வேகம் குறையவே இல்லை. பேட்டரிக்கு நல்ல வரவு; விளக்குக்கு வேலையில்லை. பின்னால் வருபவரின் வேகமும் அதேதான் என்பதால் இதில் ஆபத்தும் இல்லை. இறக்கம் தொடங்கும்போதே பேட்டரி நிறைந்திருந்தால் கதை மாறும். மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லாததால் ரீஜென் பலவீனமாகிவிடும். வழக்கம்போலக் காலை எடுப்பீர்கள், வழக்கமான இழுப்பும் வராது, விளக்கும் வராது. அப்போது பிரேக் மிதியைத்தான் நம்ப வேண்டும்.

இந்தியாவில்

1958 ஒப்பந்தத்தில் இந்தியா இல்லை. ஆனாலும் இங்குள்ள வாகனத் தரநிலைகள் பல ஐ.நா. விதிகளை ஒட்டியே எழுதப்படுகின்றன. அடிப்படை விதித்தொகுப்பு, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். அதில் 102-ஆம் விதி, நிற்கப் போவதைக் காட்டும் விளக்கு சிவப்பாக, வண்டியின் பின்னால் இருக்க வேண்டும், பிரேக்கை இயக்கும்போது எரிய வேண்டும் என்கிறது. மிதியை மனதில் வைத்து எழுதிய வாசகம் அது. அந்தக் காலத்தில் வேறு எதை நினைத்திருக்க முடியும்?

இங்கே ஓடும் மின்கார்கள் பலவற்றில் ரீஜென் அளவை ஓட்டுநரே மாற்றலாம். 2022-இல் வந்த டாடா நெக்ஸான் ஈவி மேக்ஸில் பூஜ்யம் முதல் 3 வரை நான்கு நிலைகள். நிலையை மாற்றினால் வேகக்குறைப்பு மாறும், அதோடு விளக்கு எரிவதும் மாறும். அதனால் ஒரு நிலையில் பார்த்துவிட்டு "என் காரில் எரிகிறது" என்று முடிவு கட்டக் கூடாது. முதலில் கையேட்டில் ரீஜென் பகுதியைப் படியுங்கள். அப்புறம் இரவில் ஆளில்லாத சாலையில், பின்னால் இன்னொரு வண்டியில் நண்பர் ஒருவரை நல்ல இடைவெளி விட்டு வரச் சொல்லி, ஒவ்வொரு நிலையிலும் காலைப் பாதி தளர்த்தியும் முழுவதும் எடுத்தும் பாருங்கள். அவர் வண்டியின் டேஷ்கேம் பதிவு இருந்தால் இன்னும் தெளிவு. சில கார்களில், டெஸ்லா போல, திரையில் தெரியும் கார் படத்திலேயே பின்விளக்கு சிவப்பாக மாறுவதைப் பார்க்கலாம்.

கால் பாதி தளர்ந்த நிலையில் கார் பலமாக வேகம் குறைந்தும் விளக்கு எரியவில்லை என்றால், சர்வீஸ் சென்டரில் அந்தப் பதிவைக் காட்டி, மென்பொருள் புதுப்பிப்பு வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் பல்பையோ சுவிட்சையோ மாற்றித் தீரும் விஷயமில்லை இது. புதுப்பிப்பு வரும் வரை ரீஜென் நிலையைக் குறைத்து வைத்து, பின்னால் வண்டி இருக்கும்போது பிரேக் மிதியை லேசாகத் தொட்டே வேகத்தைக் குறையுங்கள். மிதியைத் தொட்டாலும் பல கார்களில் மோட்டார்தான் முதலில் வேலை செய்யும் என்பதால் மின்சாரம் பெரிதாக வீணாகாது.