இரண்டு மூளை மெஷினும் டி505 என்ற கதவும்

ஹட்டனில் கம்பியூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவனிடம் வருவதெல்லாம் தேத்தண்ணி கொட்டிய லேப்டாப்பும் இடி விழுந்த ரவுட்டரும்தான். போன மழைக்காலத்தில் பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது கொமடோர் 128 என்ற பழைய வீட்டுக் கம்பியூட்டர். அவருடைய மாமா கொழும்பில் வேலை செய்த காலத்தில் வாங்கியதாம்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு அண்ணே. நான் எழுதுற புரோகிராம்தான் ஓட மாட்டேங்குது."

1985இல் வந்த இந்த மெஷினில் புரொசசர் இரண்டு: 8502, இசட்80. இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாது. ஒன்று வேலை செய்தால் மற்றது காத்திருக்கும். தம்பி இசட்80இல் ஒரு சின்ன வேலையை முடித்துவிட்டு 8502இடம் கைமாற்றப் பார்த்திருக்கிறார். மூன்று வாரமாக மெஷின் உறைந்துபோய் நிற்கிறது. கையில் இரண்டு பிடிஎஃப் இருந்தன, புரொசசருக்கு ஒன்றாக. இரண்டிலும் பிழையே இல்லை. ஆனால் புரொசசரின் கையேட்டுக்கு, தான் எந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்பது தெரியாதே!

கைமாற்றும் கதவு டி505 என்ற முகவரியில் இருக்கிறது. நினைவகத்தை மேய்க்கும் 8722 சில்லின் ஒரு ரெஜிஸ்டர், அதாவது சில்லுக்குள்ளேயே இருக்கும் சின்ன சேமிப்பிடம், அது. அதன் கடைசி பிட் 0 என்றால் இசட்80, 1 என்றால் 8502. 8502க்கு அந்தக் கதவும் நினைவக முகவரிதான், சாதாரணமாக எழுதினால் போதும். இசட்80 அப்படியில்லை. அதற்கு நினைவகம் வேறு, உள்ளீடு வெளியீட்டு வழி வேறு. 'அவுட்' கட்டளையால்தான் போக வேண்டும். தம்பி இரண்டுக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தார். அவர் அனுப்பிய மதிப்பு கதவுக்குப் போகாமல் சத்தமில்லாமல் ரேமில் போய் விழுந்துகொண்டிருந்தது.

சரி, அவுட் போட்டார். அப்போதும் ஓடவில்லை. டி505இன் மேல் பாதி டி5, கீழ்ப் பாதி 05. கட்டளையில் இசட்80இன் 'சி' ரெஜிஸ்டரின் பெயர் மட்டுமே தெரிவதால் அதில் 05ஐ மட்டும் வைத்திருந்தார். முகவரியின் மேல் எட்டு கம்பிகளுக்கும் 'பி' ரெஜிஸ்டரில் உள்ளது போகிறது. இசட்80ஐத் தயாரித்த சைலாக்கின் கையேட்டிலேயே அது இருக்கிறது, ஒரே வரி. நானும் ஒரு காலத்தில் தாண்டிப் போன வரிதான். பி-யில் டி5 வைத்ததும் திரை உயிர்த்தது.

ஆகவே இந்த மாதிரி மெஷினுக்குப் புரோகிராம் எழுத உட்காருபவர்கள் முதலில் தேட வேண்டியது மெஷினின் புத்தகம். சில்லின் புத்தகம் அப்புறம். பவர் போட்டதும் யார் முதலில் கண் விழிப்பது? கொமடோர் 128இல் இசட்80தான். முந்தைய மாடலான கொமடோர் 64க்கான கார்ட்ரிட்ஜ் செருகியிருக்கிறதா, கொமடோர் விசை அழுத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு 8502இடம் ஒப்படைக்கிறது. எந்தச் சில்லின் கையேட்டிலும் இதைத் தேடிப் பயனில்லை. கொமடோரே தயாரித்து, பேண்டம் பதிப்பகம் 1986இல் வெளியிட்ட புரோகிராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடு ஒன்று இருக்கிறது. ஸ்கேன் பிரதி இன்டர்நெட் ஆர்கைவில் கிடைக்கும்.

'இரட்டைப் புரொசசர்' என்ற பெயரை மட்டும் பார்த்து வேறு மெஷினின் ஆவணத்தை எடுத்துவிடாதீர்கள். டெக் கம்பெனியின் 1982 மெஷினான ரெயின்போ 100இலும் இசட்80 உண்டு, கூட 8088 என்ற இன்னொரு புரொசசர். அதில் இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். பிளாப்பி இசட்80இன் பொறுப்பு. பொது நினைவகத்தில் செய்தி வைத்துவிட்டு ஒன்றை ஒன்று இன்டரப்ட் செய்து கூப்பிடும். அதாவது முற்றிலும் வேறு குடித்தனம். டெக் ஆவணங்களுக்கு, பழைய கம்பியூட்டர் கையேடுகளைச் சேர்த்து வைக்கும் பிட்சேவர்ஸ் தளத்தைப் பாருங்கள்.

மெஷின் பெயரைத் தட்டினால் விளம்பரமும் பழைய நினைவுகளுமாக வந்து குவியும். 8722, திரையைக் கவனிக்கும் 8563 என்று உள்ளே இருக்கும் சில்லின் எண்ணைத் தட்டுங்கள், ஆவணம் வரும். ஸ்கேனிலிருந்து எழுத்தாக மாற்றிய கோப்புகளை மட்டும் நம்பவே கூடாது. 8ஐ ஆங்கில பி-யாக மாற்றிவிடும், 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் வரும் ஹெக்ஸ் எண்ணில் இரண்டுமே செல்லும் என்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். பக்கத்தின் படத்தோடு ஒப்பிட்டுத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கிடைத்ததை உடனே இறக்கியும் வைத்துவிடுங்கள். தனிச் சில்லாக விற்ற இசட்80க்கான கடைசி ஓடர்களை சைலாக் 2024 ஜூனோடு நிறுத்திக்கொண்டது. விற்காத சில்லின் கையேட்டை எத்தனை நாளைக்குத் தளத்தில் வைத்திருப்பார்கள்?

அச்சுப் புத்தகங்களின் கதை இன்னும் மோசம். இங்கே பாதியைப் பூஞ்சணம் தின்கிறது, மீதி பழைய பேப்பர் விலைக்குப் போகிறது. ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் வடை சுற்றித் தந்த தாளில் ஏதோ பிரின்டரின் சர்க்யூட் படம். திரும்பிப் போய்க் கேட்டேன். எண்ணெய் படாமல் பதினொரு பக்கம் மிச்சம் இருந்தது. கூட இரண்டு வடை வாங்கிக்கொண்டு அதையும் எடுத்து வந்தேன்.

தம்பிக்காக அச்சடித்த கைடின் இன்னொரு பிரதி எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. பூஞ்சணம் பிடிக்காமலிருக்க உள்ளே ஒரு சின்ன பல்ப் எப்போதும் எரியும். மனைவியின் கூறைச் சேலைக்காகப் போட்ட பல்ப் அது. கீழ்த்தட்டில் எனக்கும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது.