துணி எப்படிக் கட்டையாகிறது? காற்று டிங்கியின் கணக்கு

பாசிக்குடாவில் படகு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மத்தியானம் கரையில வச்சு கல்லு மாதிரி ஊதின டிங்கி, தண்ணியில இறக்கிக் கொஞ்ச நேரத்தில தொய்ஞ்சுபோகுது. சோப்புத் தண்ணி பூசிப் பார்த்தாலும் ஓட்டை இல்லை. என்ன காரணம்?"

டிங்கி என்பது காற்று ஊதி மிதக்கவிடும் சிறு படகு. அது தொய்வதற்குக் காரணம் வெப்பம். ஆனால் அமுக்கம் கொஞ்சம் இறங்கினாலே டிங்கி ஏன் இவ்வளவு தொய்கிறது என்பதற்கு, துணி மரக்கட்டைபோல் விறைக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

மிதப்பது பெரிய விடயமல்ல. இரண்டரை மீற்றர் டிங்கி இருபது கிலோ அளவில் இருக்கும். அதன் ரியூப்கள், அதாவது சுற்றிவர உள்ள காற்றுக்குழாய்கள், 500 லீற்றருக்கு மேல் காற்றுக் கொள்ளும். மீதியை ஆக்கிமிடீசு பார்த்துக்கொள்வார். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது.

கயிற்றை இழுக்கலாம், தள்ள முடியாது. துணியும் அப்படித்தான். எதை வளைத்தாலும் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நெருக்குப்படும். நெருக்கத்தைத் தாங்காத துணி அந்தப் பக்கத்தில் மடிந்துவிடும். உள்ளே அடைத்த காற்று அந்தத் துணியை முன்கூட்டியே இழுத்து வைக்கிறது. 40 சென்ரிமீற்றர் விட்டமுள்ள ரியூப்பில் 25 கிலோபஸ்கால் அமுக்கம், அதாவது 3.6 பிஎஸ்ஐ, இருந்தால் துணியின் ஒவ்வொரு சென்ரிமீற்றர் அகலமும் நீளப்பாட்டுக்கு இரண்டரைக் கிலோ பாரத்தால் இழுபட்டிருக்கும். சுற்றுப்பாட்டில் அதன் இருமடங்கு. இப்போது ரியூப்பை வளைத்தால், நெருங்க வேண்டிய பக்கத்தில் இருந்த இழுவை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இழுவை மிச்சமிருக்கும்வரை அது மரக்கட்டைபோல் நிற்கும். பூச்சியமாகும் கணத்தில் முதல் சுருக்கம் விழும்.

அந்தக் கணத்தைக் கணக்கிடலாம்: ஆரையின் மூன்றாம் வலுவை அமுக்கத்தாலும் π (பை, 3.14) என்ற எண்ணாலும் பெருக்கி, இரண்டால் வகுக்க வேண்டும். இந்த ரியூப்பை ஓரிடத்தில் இறுக்கிப் பிடித்து, ஒரு மீற்றர் தள்ளி 32 கிலோ ஏற்றினால் சுருக்கம் தொடங்கும். பாரம் இருமடங்கானால் மடிந்துவிடும். ஆரை பாதியானால் தாங்குதிறன் எட்டிலொன்றாகும். சுருட்டினால் சிறிதாகிறதே என்று டிங்கி வாங்குபவர்கள் நீளத்தை மட்டும் கேட்காமல் ரியூப்பின் விட்டத்தையும் கேட்க வேண்டும்.

இனி வாசகரின் டிங்கிக்கு வருவோம். சுடுமணலில் உள்ளே காற்று 45 பாகை. கடல்நீர் 29 பாகை என்று வைப்போம். வாயு விதியில் போடும்போது மானி காட்டும் 25உடன் வளிமண்டலத்தின் 101ஐயும் சேர்க்க வேண்டும். பாகையுடன் 273ஐக் கூட்ட வேண்டும்: 29 பாகை 302 ஆகும், 45 பாகை 318 ஆகும். 126ஐ 302ஆல் பெருக்கி 318ஆல் வகுத்தால் 119.7. அதிலிருந்து 101ஐக் கழிக்க வேண்டும். காற்று முழுதும் நீரளவுக்குக் குளிர்ந்தால் மானி 19ஐக்கூடத் தொடாது. கால்வாசி போயிற்று, 32 கிலோ தாங்கியது 24 ஆகிவிட்டது. ஆகவே நிழலில் ஊதி, நீரில் இறக்கி, அரை மணித்தியாலம் கழித்து மீண்டும் 25க்கு ஏற்றுங்கள்.

மறுபக்கமும் உண்டு. காலையில் 27 பாகையில் 25க்கு ஊதிய டிங்கியை வெயிலில் போட்டுவிட்டு, காற்று 60 பாகைக்கு ஏறினால் மானி 39 காட்டும். துணி தாங்கும். ஒட்டுகளுக்குத்தான் ஆபத்து: இழுவை ஒன்றரை மடங்காகும் அதே நேரத்தில் பசையும் இளகியிருக்கும். இயந்திரம் பூட்டும் பின்பலகையின் ஒட்டைக் கவனியுங்கள். கரைக்கு ஏற்றியதும் காற்றைக் கொஞ்சம் திறந்துவிடுவதே வழி. எங்கள் வெயிலிலும் வாவியின் உவர்நீரிலும் எந்தத் துணி, எந்தப் பசை எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை வெளிநாட்டு விலைப்பட்டியல் சொல்லாது. துணித் துண்டுகளைக் கூரையில் கட்டி, மாதமொரு முறை இழுத்துப் பார்க்கும் ஆய்வை வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் சிறு செலவில் செய்யலாம். இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத்தான் வேண்டும்.

காற்றுத் தளத்தின், அதாவது டிங்கிக்குள் கால் வைக்கும் ஊதிய தரையின், கதை வேறு. அதில் 80 கிலோபஸ்கால் அமுக்கம். ஒரு சதுர மீற்றருக்கு எட்டுத் தொன். அது பந்தாக உப்பாமல் பலகையாக நிற்பதற்குக் காரணம், மேல்துணியையும் கீழ்த்துணியையும் இணைத்து உள்ளே நெய்திருக்கும் ஆயிரக்கணக்கான சம நீள நூல்கள். ரியூப் மெத்தென்றிருக்கும்போதே தளத்தை விரித்து ஊதிவிட வேண்டும். பிறகு அது மூலைகளில் பொருந்தாது. ரியூப் அறைகளையும் ஒன்றை முழுதாக ஊதிவிட்டு மற்றதைத் தொடக்கூடாது. எல்லாவற்றையும் பாதிக்கு ஏற்றிவிட்டே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடைச்சுவர் ஒருபக்கமாகத் தள்ளுண்டு ஒட்டு விடும். ரயர்கடைக் கொம்பிரசர் வேண்டவே வேண்டாம். கை எடுப்பதற்குள் ஒட்டைப் பிளந்துவிடும்.

ஓட்டை பற்றி இன்னும் சந்தேகமென்றால் மாலை நிழலில் 25க்கு ஊதி, மானியையும் வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். மறுநாள் மாலை அதே இடத்தில் பாருங்கள். ஒரு பாகை வித்தியாசத்துக்கு 0.4 கிலோபஸ்கால் கழியுங்கள். அதற்கும் மேலே இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீரை எடுங்கள். முதலில் வால்வின் அடி, பிறகு பின்பலகை ஒட்டு, கடைசியில் மணல் உரசும் அடிப்பக்கம்.